மலையில் பொதுக் கொல்லுப்பட்டறை: உலை மூட்டுவது முதல் களைக்கொத்து வரை

இரும்பு அடிக்கும் ஆசை வந்தவர்கள் முதலில் சாமானைத்தான் தேடுவார்கள். காற்று ஊத எந்த புளோயர் நல்லது, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை எத்தனை கிலோ இருக்க வேண்டும், சுத்தியல் எங்கே வாங்குவது என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். வீட்டுக் கொல்லையில் தனியாக அடிக்கப் போகிறவருக்கு அது சரி. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே உலையைப் பங்கு போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சாமான் இரண்டாம் பட்சம்தான். நெருப்பருகே யார் எப்போது நிற்பது, பழுத்த இரும்பு எந்த வழியாகப் போவது, கரிக்கு யார் காசு போடுவது என்பதை முதலிலேயே பேசி முடிக்காத பட்டறை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய கொட்டகையில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். பள்ளி ஆசிரியர், மெக்கானிக், சிறு தேயிலை விவசாயி, கல்லூரி மாணவி என்று கலவையான கூட்டம். யாருக்கும் இது பிழைப்பு கிடையாது. இங்கே எழுதியிருப்பது குளிரும் மூடுபனியும் உள்ள மலைக்கு ஏற்ற முறை. கொடைக்கானலிலோ குன்னூரிலோ இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சமவெளிக்காரர்கள் சில இடங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு ஆசாரியைப் பிடியுங்கள்

நீலகிரியில் இரும்பு வேலை பழைய வேலை. கோக்கால் என்று சொல்லப்படும் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோடருக்கும் படகருக்கும் கத்தி, கோடாரி, கொத்து அடித்துக் கொடுத்தவர்கள். படகரிடம் தானியம், தோடரிடம் நெய் என்று பண்டமாற்றில் ஓடிய தொழில் அது. பானை வனைந்ததும் சாவு வீடுகளில் இசைத்ததும் அவர்களே. இன்று பெரும்பாலோர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். இரும்பைத் தொடும் கை யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் போவதில் தப்பில்லை. ஆனால் ஊருக்குள் நுழையுமுன் அனுமதி கேளுங்கள், கோயில் இருக்கும் பக்கம் நீங்களாகப் போகாதீர்கள், கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள்.

கோத்தர்கள் தவிர, சமவெளியிலிருந்து வந்து மலையில் பட்டறை வைத்த ஆசாரிகளும் சந்தைப் பக்கங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மாதத்தில் ஒரு நாள் வரச் சொல்லி, அன்றைய கூலியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். "ஆசாரி அண்ணே, சும்மா வந்து பாருங்க" என்று கூப்பிட்டு டீயும் வர்க்கியும் கொடுத்து அனுப்புவது அவருடைய ஒரு நாள் பிழைப்பைத் திருடுவது. புத்தகமும் வீடியோவும் சொல்லித் தராத ஒன்றை அவர் உங்கள் கையைப் பார்த்த அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சுத்தியலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்பதாக இருக்கும்.

இடம்

குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்வது மலைக்காரர் வழக்கம். உலைக்கு அது ஆகவே ஆகாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றிய செய்தி மலையில் புதிதில்லை. எனவே தகரக் கூரை, இரண்டு பக்கமாவது திறப்பு, உலைக்கு மேல் அகலமான புகைபோக்கி. யாருக்காவது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியே கூட்டி வந்துவிட்டு, அப்புறம் காரணம் தேடுங்கள்.

தரை மண்ணாகவோ சிமெண்டாகவோ இருக்கட்டும், பலகை வேண்டாம். பழுத்த இரும்பு நேராக சிமெண்டில் விழுந்தால் மேற்பரப்பு வெடித்துத் தெறிக்கும், அதனால் உலையைச் சுற்றி மணல் பரப்பிவிடுங்கள். கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்) கொட்டகை போடாதீர்கள். அதன் உதிர்ந்த இலையில் எண்ணெய் இருக்கிறது. டிசம்பரிலிருந்து உறைபனியில் புல் கருகிக் காய்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரை காட்டுத்தீக் காலம். ஒரு பொறி போதும். அந்த மாதங்களில் கொட்டகையைச் சுற்றி ஒரு ஆள் நீளத்துக்காவது தரையைச் சுத்தமாகச் செதுக்கி வையுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் உலை மூட்டவே வேண்டாம்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள்: கரடி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகள் உண்டு. பழுத்த இரும்பைத் தோய்த்துக் குளிர்விக்க நீங்கள் வைத்திருக்கும் கடலை எண்ணெய்க்கும் அது வரும். மூடி இறுகும் இரும்பு டிரம்மில் ஊற்றிப் பூட்டி வையுங்கள். காட்டெருமை நடமாட்டம் உள்ள இடமானால் மாலை ஐந்து மணிக்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது.

உலையும் கரியும்

லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்று காயலான் கடையில் கிடைக்கும். அடியில் காற்றுக் குழாய், குழாயின் வாயில் கம்பிச் சல்லடை, சாம்பல் விழ ஒரு மூடி, உள்ளே களிமண் பூச்சு. ஒரு மெக்கானிக் இருந்தால் ஒரு நாள் வேலை. செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டினாலும் அதே வேலையைச் செய்யும்.

காற்றுக்குக் கைச்சக்கரம் சுற்றும் புளோயரைத்தான் நான் சொல்வேன். மலையில் மின்சாரம் போவது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: மின்சார புளோயர் யார் கவனிக்காவிட்டாலும் ஊதிக்கொண்டே இருக்கும், பேச்சு சுவாரசியத்தில் இரும்பு எரிந்துபோகும். கையால் சுற்றினால் ஆள் நின்றதும் காற்றும் நின்றுவிடும். புதிதாக வருபவருக்குக் கொடுக்க ஒரு உருப்படியான வேலையும் ஆயிற்று.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரே சுற்றுக்கு உலைக்குள் போகும் ஆக்சிஜனும் அவ்வளவு குறையும். மேட்டுப்பாளையத்தில் நன்றாக வேலை செய்த புளோயர் ஊட்டியில் சோம்பலாகத் தெரிவது இதனால்தான். கொஞ்சம் பெரிதாக வாங்கி, காற்றைக் குறைக்க ஒரு தடுப்புத் தகடு வைத்துக்கொள்ளுங்கள்.

கரிக்கு மலையில் கண்ணில் படும் மரத்தையெல்லாம் வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்கச் சொல்கிறது. கீழேயிருந்து வரும் சிரட்டைக் கரி நல்ல சூடு கொடுக்கும், சாம்பலும் குறைவு. எலுமிச்சை அளவுத் துண்டாக உடைத்து, தூளைச் சலித்துவிடுங்கள். மூடுபனியில் கரி ஈரம் குடிக்கும். ஈரக்கரி வெடித்துப் பொறி தெறிக்கும். மூடி போட்ட டிரம்மில்தான் வைக்க வேண்டும்.

கேஸ் உலை சுத்தமானது, ஆனால் ஊட்டிக் குளிரில் காலை நேரத்தில் சிலிண்டரில் அழுத்தம் குறைந்துவிடும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் மேல் பனி கட்டும். வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தவும் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். தொடக்கத்துக்குக் கரியே போதும்.

நெருப்பு மூட்டும் முறை எளிது. குழாய் வாய்மேல் சுள்ளி வைத்துப் பற்றவைத்து, மெல்ல ஊதி, கரியைச் சுற்றிலும் குவியுங்கள். குழாய் வாயிலிருந்து நான்கைந்து அங்குல உயரத்துக்கு எரியும் கரி வந்த பிறகுதான் இரும்பு உள்ளே போகலாம். இரும்பைச் சாய்த்துக் குத்தி அடிவரை இறக்காதீர்கள். அங்கே புதுக் காற்று நேராகப் படுவதால் இரும்பு செதில் செதிலாகக் கருகும். படுக்கைவசமாக நடுவில் நுழைத்து, மேலேயும் கரி மூடியிருக்கட்டும்.

பட்டடை, சுத்தியல், குறடு

ரயில் தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைக்கச் சொல்லி எல்லா நாட்டு வீடியோவிலும் சொல்வார்கள். இங்கே ரயில்வே சொத்தை முறையான ரசீது இல்லாமல் வைத்திருந்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காயலான் கடைக்காரர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பழைய இயந்திர அடித்தளம், கனத்த தண்டு என்று 40, 50 கிலோ எடையுள்ள கெட்டி இரும்புக் கட்டை எதுவும் பட்டடையாகும். மேல்முகம் சமமாகவும், ஒரு விளிம்பு கொஞ்சம் மழுங்கியும் இருந்தால் போதும். வளைக்கும் வேலைக்குப் பக்கத்தில் ஒரு கனத்த குழாய்த் துண்டை வெல்டிங் செய்துகொள்ளலாம்.

உயரம் முக்கியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரல் முட்டி தொடும் உயரத்தில் மேல்முகம் இருக்க வேண்டும். பொதுப் பட்டறையில் ஆளுக்கு ஆள் உயரம் மாறும். குள்ளமானவருக்கு ஏற்ப வைத்துவிட்டு, உயரமானவர் கால்களை அகட்டி நிற்கட்டும். குள்ளமானவரைப் பலகை மேல் ஏற்றினால் பழுத்த இரும்போடு தடுமாறி விழுவார்.

சுத்தியல் 800 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள். இரண்டு கிலோ சுத்தியலைத் தூக்கி வரும் இளைஞர்களுக்கு அரை மணியில் மணிக்கட்டு சொல்லிவிடும். குறடு ஒன்று வாங்கினால் போதும், மற்றதைப் பிறகு நீங்களே அடிப்பீர்கள்.

உடை

பாலியெஸ்டர் ஜாக்கெட்டும் அக்ரிலிக் ஸ்வெட்டரும் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் அக்ரிலிக் நிறைய. பருத்திச் சட்டை, அதற்கு மேல் குளிருக்கு நிஜக் கம்பளி. மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், துப்பட்டாவையும் அப்படியே. தோல் ஷூ, அதன் வாயை மூடும் பேண்ட், கண்ணாடி, காதடைப்பான். பட்டடைச் சத்தம் காதைக் கெடுப்பது மெதுவாக நடப்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பட்டடையின் பக்கவாட்டில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினால் கணீர் என்பது பாதியாகக் குறையும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கும் வரமாட்டார்கள்.

ஒரு உலை, மூன்று பேர்

பொதுப் பட்டறையின் உயிர் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

ஒரு உலைக்கு ஒரு நேரத்தில் மூன்று பேர். ஒருவர் அடிப்பவர். ஒருவர் காற்று சுற்றுபவர். மூன்றாமவர் நெருப்பைப் பார்ப்பவர்: கரியைக் கூட்டி, உருகி ஒட்டிய சாம்பல் கட்டியான கிட்டத்தை வாரி, இரும்பின் நிறத்தைச் சொல்வது அவர் வேலை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறுங்கள். அடிக்கக் கற்றுக்கொள்ளுமுன் நெருப்பைப் பார்க்கக் கற்பவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். அவசரப்பட்டு நேராகச் சுத்தியலுக்குப் போகிறவர்கள் பாதி நேரம் ஆறிய இரும்பை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

உலைக்குள் இரண்டு இரும்புக்கு மேல் கூடாது. மூன்றாவதை யாரோ மறப்பார்கள். வெள்ளை நிறம் தாண்டி மத்தாப்பூ மாதிரி பொறி விட்டால் அந்த இரும்பு போயிற்று, அடித்தால் உதிரும்.

உலைக்கும் பட்டடைக்கும் நடுவே இரண்டு எட்டு தூரம். அந்தப் பாதையில் யாரும் நிற்கக் கூடாது, செல்போனில் படம் எடுக்கவும் கூடாது. இரும்பை எடுப்பவர் "சூடு!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வெட்கப்பட்டு மெதுவாகச் சொல்வதும் சொல்லாததும் ஒன்றுதான்.

கையைச் சுடுவது பெரும்பாலும் சிவந்த இரும்பு இல்லை. சிவப்பு அடங்கிக் கறுப்பாகத் தெரியும் இரும்புதான். 400 டிகிரியிலும் அது பகல் வெளிச்சத்தில் சாதாரணக் கம்பி போலத் தெரியும். அடித்து முடித்த துண்டுகளுக்கென்று ஒரு மணல் தட்டு வையுங்கள். அதில் கிடப்பது எதுவானாலும் குறட்டால்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். சந்தேகம் வந்தால் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம். பற்பசை, மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம்.

முதல் வேலை: சுவர்க் கொக்கி

எல்லோரும் கத்தி அடிக்கத்தான் வருவார்கள். முதல் நாள் கத்தி கிடையாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கொக்கியில் கூராக்குதல், சுருட்டுதல், வளைத்தல், முறுக்குதல், வெட்டுதல், துளைத்தல் ஆகிய ஆறு வேலையும் வந்துவிடுகிறது, கெட்டால் சில ரூபாய்தான் நஷ்டம்.

10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, இரண்டடி நீளம். கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி வேண்டாம், அதன் தோலும் உள்ளும் வேறு வேறு கடினம். வெள்ளிப் பூச்சு போலத் துத்தநாகம் பூசிய குழாயும் கம்பியும் உலைக்குள் போகவே கூடாது. 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்து ஆவியாகும், மூச்சில் போனால் மாலைக்குள் குளிர் காய்ச்சல் அடிக்கும்.

கம்பியின் ஒரு முனையை ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சுங்கள். மறுமுனை கை பொறுக்கும் குளிர்ச்சியில் இருப்பதால் குறடு தேவையில்லை. முனையைப் பட்டடையின் தூர விளிம்பில் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சுத்தியலையும் அதே அளவு சாய்த்து அடியுங்கள். இரண்டு அடி, கால் சுற்று, இரண்டு அடி, மறுபடி பழைய பக்கம். சதுரமாகவே கூராக வேண்டும். வைர வடிவமாகக் கோணினால் உடனே நிறுத்தி, நீண்ட மூலையை மேலே வைத்துத் தட்டிச் சதுரத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்படியே தொடர்ந்தால் நீளவாக்கில் பிளந்துவிடும். அடர் சிவப்புக்கு இறங்கியதும் உலைக்குத் திரும்புங்கள். "இன்னும் ரெண்டு அடி" என்ற ஆசைதான் விரிசலுக்குக் காரணம்.

கூர் மூன்று அங்குலம் வந்ததும் மூலைகளைத் தட்டி எண்பட்டையாக்கி, பிறகு உருட்டிக்கொண்டே லேசாகத் தட்டினால் உருண்டை. நுனியை விளிம்பில் கீழ்நோக்கி மடித்து, கம்பியைத் திருப்பி, மடிப்பை உங்களை நோக்கித் தட்டிச் சுருட்டுங்கள். அப்புறம் சுருளுக்கு எதிர்ப்பக்கமாக, குழாய்த் துண்டின் மேல் வைத்துக் கொக்கியை வளையுங்கள். இங்கே பலம் வேண்டாம். இரும்பு குழாயைத் தொடும் இடத்தில் அடித்தால் நசுங்கும், அதற்கு அப்பால் தொங்கும் பகுதியில் அடித்தால் வளையும்.

முறுக்குக்குத் தண்டின் நடுப்பகுதி ஒரே சீராகச் சூடாக வேண்டும். ஒரு பக்கம் அதிகம் சூடானால் முறுக்கு அங்கேயே குவிந்துவிடும். வைஸில் இறுக்கி, ஸ்பேனரால் ஒரே மூச்சில் ஒரு முழுச் சுற்று. பிறகு உளியால் வெட்டுங்கள். அடியில் ஒரு தகட்டை வைத்துக்கொள்ளுங்கள், பட்டடை முகத்தில் உளி இறங்கக் கூடாது. முழுக்க வெட்டினால் சூடான துண்டு பறக்கும். கடைசி நூலை விட்டுவைத்து ஒடித்துவிடுங்கள்.

இப்போது குறடு வேண்டும். மேல் முனையைத் தட்டையாக்கி, மஞ்சள் சூட்டில் துளை உளியை இறக்குங்கள். அடியில் கெட்டியாக முட்டுவது கையில் தெரியும்போது நிறுத்தித் திருப்பினால் மறுபக்கத்தில் ஒரு கறுத்த புள்ளி இருக்கும். அதன் மேல் அடித்தால் ஒரு சிறு வில்லை கழன்று விழும். சூடு இருக்கும்போதே கம்பித் தூரிகையால் செதிலைத் தேய்த்து, மெழுகு லேசாகப் புகையும் சூட்டில் தேன்மெழுகைத் தடவுங்கள். மலையில் தேன் விற்கும் இடங்களில் தேன்மெழுகும் கிடைக்கும், வருடம் முழுக்க ஈரமான சுவரில் துரு ஏறாமல் கொஞ்ச காலம் காக்கும். முதல் கொக்கிக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

அடுத்தது: பதம் ஏற்றிய களைக்கொத்து

கொக்கியும் ஒரு ஜோடிக் குறடும் ஒழுங்காக வந்த பிறகு கார்பன் உள்ள எஃகுக்குப் போகலாம். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான் நம் ஊர் ஆசாரிகளின் முதல் தேர்வு, கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். சாணைக்கல்லில் வைத்துப் பாருங்கள்: சாதா இரும்பின் பொறி நீளமாக, கிளைக்காமல் ஓடும். கார்பன் எஃகின் பொறி நுனியில் பூவாக வெடிக்கும். பல வருடம் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதனால் சந்தேகமான துண்டில் நேரம் போக்காதீர்கள்.

சாதா இரும்பைவிடக் குறைந்த சூட்டில், ஆரஞ்சைத் தாண்டாமல் அடியுங்கள். வடிவம் வந்ததும் மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் அடித்த இறுக்கம் தளரும். வெட்டும் வாயை அரத்தால் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன்வரை மட்டும் மெலிதாக்குங்கள். அதற்கு மேல் இப்போதே தீட்டினால் தோய்க்கும்போது வெடிக்கும்.

தோய்ப்பதற்குக் கொட்டகையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள், நிறம் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். கம்பியில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரிக்கு அருகே காந்தம் ஒட்டாமல் போகும். அதிலிருந்து இன்னும் ஒரு சாயல் பிரகாசமானதும் எண்ணெயில் இறக்கலாம். மலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், அப்படியே பயன்படுத்தினால் சூட்டைச் சரியாக இழுக்காது. ஒரு பழுத்த இரும்புத் துண்டை உள்ளே விட்டு எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கடலை எண்ணெய் போதும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், புகை விஷம். தண்ணீரில் தோய்த்தால் இந்த எஃகு பெரும்பாலும் விரிசல் விடும். களைக்கொத்தின் வாய்ப்பக்கத்தை மட்டும் நேர்க்குத்தாக இறக்கி, முன்னும் பின்னுமாக அசையுங்கள், பக்கவாட்டில் அசைத்தால் கோணும். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டு அணையுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று இறக்கும் முன்பே பாருங்கள்.

இப்போது அரம் வாயில் வழுக்கும். கண்ணாடி போல உடையவும் செய்யும், கீழே போட்டுவிடாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கி, கைப்பிடி மாட்டும் காதுப்பக்கத்திலிருந்து மெல்லச் சூடாக்கினால் நிறங்கள் ஓடிவரும்: வைக்கோல் மஞ்சள் 220 டிகிரி வாக்கில், பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. கவாத்துக் கத்திக்கு மஞ்சளும் பழுப்பும் சந்திக்கும் இடம். கல்லில் மோதும் களைக்கொத்துக்கு நீலத்தை ஒட்டி நிறுத்துங்கள். கேக் சுடும் ஓடிஜி அடுப்பு ஒன்று இருந்தால் கத்தியை 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைப்பது இன்னும் நம்பகமானது. அதற்குப் பிறகு அந்த அடுப்பில் கேக் சுடாதீர்கள்.

வாள், குத்துவாள் கேட்டு யாராவது வருவார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த பொருளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அலங்காரத்துக்குத்தான் என்றாலும் அடிக்காதீர்கள்.

கணக்கும் அக்கம்பக்கமும்

கரியை எடை போட்டு, எரித்த அளவை வந்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்து அன்றே வசூலியுங்கள். மாதச் சந்தா முறையில் வராதவர்தான் முதலில் கோபப்படுவார். ஒரு நோட்டில் யார் வந்தார்கள், என்ன அடித்தார்கள், எந்த எஃகு, எந்த நிறத்தில் நிறுத்தினார்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த கொத்து உடைந்தால் அந்த நோட்டில் காரணம் இருக்கும். கடைசி ஆள் கரியைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அரை மணி காத்திருந்து, கையை மேலே நீட்டி அனல் இல்லை என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

கொஞ்ச நாளில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மழுங்கிய கொத்தும் கைப்பிடி ஆடும் கத்தியும் வர ஆரம்பிக்கும். கைப்பிடி மாட்டுவது, சாணை பிடிப்பது, கொத்தின் வளைந்த முள்ளை நிமிர்த்துவது வரை நீங்கள் செய்யுங்கள், பயிற்சியாகவும் ஆகும். புதுக் கத்தி, புது அருவாள், தேய்ந்த வாய்க்கு எஃகு ஒட்டும் வேலை என்று வந்தால் ஆசாரியின் பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுங்கள். பொழுதுபோக்குக்கு அடிப்பவர் பாதி விலைக்குக் கொடுத்தால் சந்தையில் அவருடைய முழு விலை விழுந்துவிடும். உங்கள் கொக்கியை விற்க ஆசைப்பட்டால் அவரிடமே விலை கேட்டு, அதற்கு ஒரு ரூபாய் கூட்டி வையுங்கள்.